ஆற்றோரம் சைக்கிள்: கோடைக் கேள்விகள்

கோடையில் ஆற்றோரப் பாதையில் சைக்கிள் பயணம் போக நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே எண்ணம்: ஆற்றோரம் என்றால் சமதளம், சமதளம் என்றால் சுலபம். முதல் பாதி சரிதான். இரண்டாம் பாதியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பதில் சொல்லும் நான் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அங்கங்கே கணக்கு எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் கணவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இந்தக் கோடையில் டான்யூப் நதியோரமாக ஜெர்மனியின் பாஸாவிலிருந்து வியன்னா வரை சைக்கிளில் போகத் திட்டம். 'ஆறு ஓடும் திசையிலேயே போகிறாய், எல்லாம் இறக்கம், மிதிக்கவே வேண்டாம்' என்கிறாள் தோழி. நம்பலாமா?

இறக்கம் இருப்பது உண்மை. ஆனால் அது உங்கள் காலுக்குத் தெரியாது. பாஸாவ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வியன்னா 160 மீட்டர் அளவில். நடுவில் பாதையின் நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம்கூட வரவில்லை. நல்ல தார்ப்பாதையில் டயர் உருளும்போது ஏற்படும் தடையே கிலோமீட்டருக்கு நாலைந்து மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். அதனால் தாராளமாக மிதிக்க வேண்டும்.

உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப் போவது காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 9 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்று வையுங்கள். மரத்து இலைகள் லேசாகச் சலசலக்கும், அவ்வளவுதான்; யாரும் அதைப் பலத்த காற்று என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் மேல் மோதுவது 27 கிலோமீட்டர் காற்று. தடை ஒன்றுக்கு இரண்டேகால் மடங்கு. அதே காற்று முதுகுப் பக்கம் இருந்தால் தடை கால் பங்கு. ஒரே பாதை, ஒரே சைக்கிள், ஒரே ஆள். திசை மாறினால் தடை ஒன்பது மடங்கு வித்தியாசப்படுகிறது. இதற்கு முன்னால் அந்த அரை மீட்டர் இறக்கத்தை யார் மதிப்பார்கள்?

உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஐரோப்பாவின் அந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசும். நீங்கள் கிழக்கே போகிறீர்கள். பிரான்ஸின் லுவார் நதியில் இதே கணக்கு தலைகீழ். ஆறு மேற்கே அட்லாண்டிக்கை நோக்கி ஓடுகிறது, காற்று கடலிலிருந்து ஏறி வருகிறது. 'ஆற்றோடு போகிறோம்' என்ற ஒரே காரணத்துக்காக நெவேர் பக்கம் தொடங்கிக் கடலை நோக்கிக் கிளம்புகிறவர்கள் நாள் முழுக்க நெஞ்சில் காற்றை வாங்கிக்கொண்டு போவார்கள். மலைகளுக்கு நடுவே ஓடும் ஆறுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, பள்ளத்தாக்கில் காற்று கீழிருந்து மேலே ஏறத் தொடங்கும். சுவிட்சர்லாந்தில் ரோன் நதியின் மேல்பகுதி இதற்குப் பேர்போனது. அப்படிப்பட்ட இடத்தில் ஆற்றோடு இறங்குகிறவர்கள் காலையிலேயே தூரத்தை முடித்துவிடுவது நல்லது.

பொதுவாக நான் சொல்வது இதுதான். எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்குவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது புகைப்படத்துக்குத்தான் உதவும்.

வயது 28. தினமும் ஜிம் போகிறேன். மலைப்பாதையிலேயே ஒரு நாளில் 70 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அப்படியானால் ஆற்றோரச் சமதளத்தில் நாளுக்கு 120 கிலோமீட்டர், தொடர்ந்து ஐந்து நாள் போடலாம் அல்லவா?

கால் தாங்கும். சந்தேகமே இல்லை. உட்காரும் இடம் தாங்குமா, உள்ளங்கை தாங்குமா என்பதுதான் கேள்வி.

மலைப்பாதையில் என்ன நடக்கிறது? ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கிறீர்கள். இறக்கத்தில் மிதிக்காமல் விடுகிறீர்கள், உடம்பை முன்னே பின்னே நகர்த்துகிறீர்கள். கஷ்டப்படுகிறோம் என்று நினைத்தாலும் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மாற்றி மாற்றி ஓய்வு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. சமதளத்தில் அது கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். எனவே மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே வளைவில் முதுகு, ஒரே பிடியில் கை. முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும்போதுதான் தெரியும்.

கையில் முதலில் மரத்துப் போவது சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும். உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வருவது. விரல் கூசத் தொடங்கியதுமே பிடியை மாற்றுங்கள். மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள். ஹேண்டில்பாரை ஒரு விரற்கடை உயர்த்தினாலே பலருக்குச் சரியாகிவிடும். அப்படியும் இரவு முழுக்க மரத்திருந்தால் மறுநாள் ஓட்டாதீர்கள்.

சீட்டுக்கு வருவோம். மெத்தென்று இருக்கும் ஜெல் சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அரை மணி நேரப் பயணத்துக்கு அது சுகம். நாலு மணி நேரத்தில் எலும்பு அதற்குள் அமிழ்ந்து, எலும்பு தாங்க வேண்டிய எடையைச் சதை தாங்கும். கொஞ்சம் கெட்டியான, உங்கள் இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்திய சீட்தான் நீண்ட தூரத்துக்கு ஆகும். உயரத்துக்கு எளிய சோதனை: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது.

அப்புறம், கடைக்காரர் சொல்லத் தயங்கும் ஒரு விஷயம். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது. உள்ளாடையின் தையல்தான் தோலை அறுக்கிறது. கால்சட்டையைத் தினமும் துவைத்துக் காயவைத்துப் போட வேண்டும். இரண்டு இருந்தால் போதும்.

இவ்வளவும் செய்து, அரை மணிக்கு ஒருமுறை நின்று மிதித்து, மணிக்கு ஒருமுறை இறங்கி நடந்தால் நாளுக்கு 80 கிலோமீட்டர் நிம்மதியாகப் போகலாம். 120 வேண்டும் என்றால் போங்கள், ஆனால் ஐந்து நாளில் ஆற்றை எப்போது பார்ப்பீர்கள்? நான் எப்போதும் கிலோமீட்டரில் திட்டமிடுவதில்லை, மணிக்கணக்கில் திட்டமிடுவேன். காலையில் நாலு மணி நேரம் மிதி, எங்கே வந்து சேர்கிறோமோ அங்கே நிழல் தேடு.

ஆற்றுப் பக்கம் குளிர்ச்சியாகத்தானே இருக்கும்? பகல் வெயிலில் ஓட்டினால் என்ன?

ஆற்றுக்கு உள்ளே குளிர்ச்சி. பாதை இருப்பது கரையில். தண்ணீரில் பட்டு எதிரொளிக்கும் வெயிலும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். கரையில் மரங்கள் அடர்ந்து, காற்றும் அடங்கிப்போன இடமாக இருந்தால் ஈரப்பதம் கூடி வேர்வை உலராது. வேர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, உலர்வதால்தான் குளிர்கிறது.

உடம்பு எரிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட கால் பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாக உள்ளேயே நிற்கிறது. சைக்கிளில் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்று அதை வாங்கிக்கொண்டு போவதால் நமக்குத் தெரிவதில்லை. நின்ற ஒரு நிமிடத்தில் சட்டை நனைவதைக் கவனித்திருப்பீர்கள். அதுவரை அவ்வளவு வேர்வையும் வந்துகொண்டுதான் இருந்தது, வந்த வேகத்தில் உலர்ந்துகொண்டிருந்தது.

இங்கே பலர் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. எதிர்க்காற்றில் ஓட்டும்போது களைப்பு, ஆனால் சூடு குறைவு. பின்காற்றில் ஓட்டும்போதுதான் வெயில் தாக்கும். காற்று முதுகில் 15 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளுகிறது, நீங்களும் அதே வேகத்தில் போகிறீர்கள் என்றால், உங்களைச் சுற்றிக் காற்றே கிடையாது. தலைக்கு மேல் வெயில், கீழே சூடான பாதை, நடுவில் அசையாத காற்று. 'இன்று என்ன சுகமாக ஓடுகிறது' என்று நினைத்துக்கொண்டே மயக்கம் போடுகிறவர்கள் இந்த ரகம். டான்யூப் போகும் மேலே உள்ள தம்பதிக்கும் இதையே சொல்கிறேன்.

விடியற்காலையில் கிளம்பி 11 மணிக்குள் முடிப்பது உத்தமம். சாயங்காலம் மீண்டும் ஏற நினைப்பவர்கள் 3 மணிக்கு 'வெயில் தாழ்ந்துவிட்டது' என்று கிளம்பிவிடுகிறார்கள். சூரியன் உச்சியில் இருப்பது நண்பகலில், ஆனால் காற்றின் வெப்பம் உச்சத்துக்கு வருவது மூன்று நாலு மணி வாக்கில். ஐந்தரைக்குப் பிறகு ஏறுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், கடும் வெயிலில் இன்னும் கொஞ்சம். ஒரே மூச்சில் குடிக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்பும் உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி அதுவே தலைவலி, குமட்டல் என்று கொண்டுபோய் விடும். உடன் வருபவர் வெயிலில் உளறினாலோ, தடுமாறினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றாலோ 'கொஞ்சம் உட்காரட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே அவசர உதவிக்குக் கூப்பிட வேண்டும். பேச்சு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இரண்டு கரையிலும் பாதை இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுகிறது. எந்தக் கரையில் போவது?

அருமையான கேள்வி. இத்தனை கடிதத்தில் ஒருவர்தான் கேட்டிருக்கிறார்.

நிழலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாதைக்கு ஒரு பக்கம் ஆறு, அங்கே தடுப்பு எதுவும் இல்லை. மறுபக்கம் மரமோ மலையோ இருக்கும். நிழல் அங்கிருந்துதான் வர வேண்டும். ஆறு வடக்கு தெற்காக ஓடினால், காலையில் கிழக்குக் கரையில் நிழல், மாலையில் மேற்குக் கரையில் நிழல். நடுவில் பாலம் வரும் இடத்தில் கரை மாற்றிக்கொள்ளலாம். ஆறு கிழக்கு மேற்காக ஓடினால், வட நாடுகளில் சூரியன் தெற்குப் பக்கமாகவே சுற்றுவதால் தென்கரை நிழல், வடகரை வெயில்.

ஆஸ்திரியாவில் மெல்க், கிரெம்ஸ் நகரங்களுக்கு நடுவே வாஹாவ் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே திராட்சைத் தோட்டங்கள் அடுக்கடுக்காக ஏறுவது பெரும்பாலும் வடகரையில். திராட்சைக்கு வெயில் வேண்டும். பார்க்க வேண்டிய ஊர்களும் அந்தக் கரையில்தான். இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192-இல் பிடித்து அடைத்து வைத்த டியூர்ன்ஷ்டைன் கோட்டையும் அங்கேதான். தென்கரை அமைதி, கூட்டமும் குறைவு. காலையில் வடகரை, வெயில் ஏறியதும் படகில் தென்கரை என்பது என் யோசனை. இரண்டையும் பார்த்துவிடலாம், தலையும் காயாது.

கோடை வெயிலில் டயர் வெடிக்கும், காற்றைக் குறைத்து வை என்று அப்பா சொல்கிறார். சரியா?

அப்பாவிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். 20 டிகிரியில் காற்றடித்த டியூப் வெயிலில் நின்று 50 டிகிரிக்குச் சூடானாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் பத்து சதவீதம் போலத்தான் ஏறும். டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பை ஒட்டி அடிக்காதவரை நல்ல டயர் இதைச் சாதாரணமாகத் தாங்கும். வெயிலில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஓரம் வெடிப்பு விட்ட பழைய டயர்கள். காற்றைக் குறைத்து வைத்தால் வேறு வம்பு. கல்லில் ஏறும்போது டியூப் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

ஆற்றோரப் பாதையில் நீங்கள் பயப்பட வேண்டியது முள்ளுக்கும், மீன்பிடிக்கிறவர்கள் விட்டுப்போன தூண்டில் கொக்கிக்கும். மாற்று டியூப் ஒன்று, டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, பம்பு ஒன்று. புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்தியது இன்னும் அங்கேயே இருக்கும்.

வரலாறு படித்தவன் என்பதால் கேட்கிறேன். ஆற்றை ஒட்டியே இவ்வளவு நீளமான சமதளப் பாதைகளை யார், எதற்காகப் போட்டார்கள்? சைக்கிள்காரர்களுக்காகவா?

சைக்கிள் பிறப்பதற்கு முன்பே இவற்றில் பல இருந்தன. நீராவி எஞ்சின் வரும்வரை, படகை ஆற்றோடு விடுவது சுலபம், எதிர்த்துக் கொண்டுவருவது பெரும்பாடு. கரையிலிருந்து கயிறு கட்டிக் குதிரையும் கோவேறு கழுதையும் இழுக்கும். பல இடங்களில் மனிதர்களே இழுத்தார்கள். கயிறு எதிலும் சிக்கக் கூடாது, எனவே பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவே மரம் இருக்கக் கூடாது. இன்றும் பழைய இழுபாதைகளில் ஓட்டும்போது ஆறு இவ்வளவு பக்கத்தில் தெரிவதற்கு அதுதான் காரணம். நிழல் குறைவதற்கும் அதுவே.

அமெரிக்காவில் பொட்டோமக் நதியோரம் போகும் செசபீக்–ஒஹாயோ கால்வாய்ப் பாதை இதற்கு நல்ல உதாரணம். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லண்ட் வரை சுமார் 297 கிலோமீட்டர். 1828-இல் வெட்ட ஆரம்பித்து 1850-இல் கம்பர்லண்டை எட்டினார்கள். பெயரில் இருக்கும் ஒஹாயோ நதியை அது கடைசிவரை தொடவே இல்லை, ரயில் முந்திக்கொண்டது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. அந்த இடத்தில் மோட்டார் சாலை போடலாம் என்று பேச்சு எழுந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், சாலையை ஆதரித்து எழுதிய வாஷிங்டன் போஸ்ட் ஆசிரியர் குழுவினரைத் தன்னோடு முழுத் தூரமும் நடந்துவரச் சொல்லி அழைத்தார். 1954 மார்ச்சில் நடந்தார்கள். கிளம்பியவர்கள் ஐம்பதுக்கு மேல். டக்ளஸையும் சேர்த்து ஒன்பது பேர்தான் முழுத் தூரமும் நடந்து முடித்தார்கள். சாலை வரவில்லை. 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று.

அந்தக் கால்வாயில் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகுகளை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்க 74 மதகுப் பெட்டிகள். நீளமான சமதளம், பிறகு மதகுப் பெட்டி வரும் இடத்தில் இரண்டரை மீட்டர் போல ஒரு சிறு மேடு, மறுபடி சமதளம் என்று பாதை போகும். மண்ணும் சரளையும்தான், தார் குறைவு. மெல்லிய டயர் வண்டி அங்கே உதவாது. 40 மில்லிமீட்டர் அகல டயர் வேண்டும். வழியில் பா பா என்ற இடத்தில் 950 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று வரும், முழுக்கச் செங்கல் வேலைப்பாடு. உள்ளே வெளிச்சம் கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கையில் விளக்கோடு நடக்க வேண்டும். கொளுத்தும் கோடையிலும் உள்ளே சில்லென்றிருக்கும். அவசரப்பட்டுக் கடக்க வேண்டாம்.

வேர்த்துக் கொட்டும்போது நேரே ஆற்றில் குதித்தால் என்ன சுகம்! செய்யலாமா?

கூடாது. மலையிலிருந்து பனி உருகி வரும் ஆறுகள் நடுக்கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். சூடான உடம்போடு சட்டென்று உள்ளே போனால் நம்மை மீறி மூச்சு ஒருமுறை பெரிதாக இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கால்வரை நனைத்து, கையும் கழுத்தும் நனைத்து, பத்து நிமிடம் கழித்து, ஊர்க்காரர்கள் குளிக்கும் இடமாகப் பார்த்து இறங்குங்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

சரக்குக் கப்பல் போகும் ஆறுகளில் இன்னொரு ஆபத்து. கப்பல் நெருங்கும்போது கரையோரத் தண்ணீர் முதலில் பின்வாங்கும். கூழாங்கல்லெல்லாம் வெளியே தெரியும். பிள்ளைகள் அதைப் பார்த்து உள்ளே ஓடுவார்கள். கப்பல் கடந்ததும் போன தண்ணீர் வேகமாகத் திரும்பி வரும். தண்ணீர் உள்வாங்குவதைப் பார்த்தால் கரை ஏறிவிடுங்கள்.

தெளிவாக ஓடும் ஆற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாமா?

மேல்பக்கம் மாடு நிற்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடிக்கலாம், கிருமி சாகும். வயலிலிருந்து வரும் பூச்சிமருந்து கொதித்தால் போகாது. குழாய் இருக்கும் ஊர்களை முந்தின இரவே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வயது மகளோடு போகிறேன். அவளுக்குத் தனி சைக்கிள். எவ்வளவு தூரம் போகலாம், என்ன கவனிக்க வேண்டும்?

நாளுக்கு 25, 30 கிலோமீட்டர், அதுவும் நாலைந்து துண்டாக. ஆற்றோரத்தில் பிள்ளைகளுக்குச் சாதகம் என்ன என்றால் மோட்டார் வண்டி குறைவு. பாதகம், பல இடங்களில் தண்ணீருக்கும் பாதைக்கும் நடுவே கம்பி வேலி கிடையாது. இருவரும் அருகருகே போக இடமிருந்தால் நீங்கள் ஆற்றுப் பக்கம், பிள்ளை கரைப் பக்கம். குறுகலான இடத்தில் பிள்ளையை முன்னே விட்டுப் பின்னால் வாருங்கள். முன்னே போனால் நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பீர்கள், வண்டி நீங்கள் பார்க்கும் பக்கம் சாயும். தலைக்கவசம் எங்கே போனாலும் வேண்டும். ஆஸ்திரியாவில் 12 வயதுக்குக் கீழே அது சட்டம்.

'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பாள். டான்யூப் கரையில் இதற்கு மருந்து வைத்திருக்கிறார்கள். கப்பல்காரர்களுக்காகக் கிலோமீட்டர் பலகை நட்டிருக்கும். அங்கே தூரத்தை ஆறு பிறக்கும் இடத்திலிருந்து எண்ணுவதில்லை, கருங்கடலில் கலக்கும் இடத்திலிருந்து எண்ணுகிறார்கள். பாஸாவில் 2,220-ஐத் தாண்டிய எண் இருக்கும், வியன்னாவில் 1,930-ஐ ஒட்டி. போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். அடுத்த பலகை யார் கண்ணில் முதலில் படுகிறது என்று போட்டி வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பெண். தனியாகப் போக ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்லிச் சமாளிப்பது?

சமாளிக்க வேண்டாம், திட்டத்தைக் காட்டுங்கள். எந்தெந்த இடத்தில் பாதை ஊருக்குள் நுழைகிறது, எங்கெங்கே பாலம், எங்கே ரயில் நிலையம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆற்றோரப் பாதையின் குறை என்னவென்றால் ஒரு பக்கம் தண்ணீர்; விலகிப் போக ஒரே பக்கம்தான் வழி. காட்டுக்கு நடுவே வெளியேற வழியில்லாத நீளமான துண்டுகள் எங்கே என்று முன்பே தெரிந்திருந்தால், அவற்றை ஆள் நடமாட்டம் உள்ள காலை வேளையில் கடந்துவிடலாம். நடப்பவர்கள், மீன்பிடிப்பவர்கள், படகுக்காரர்கள் என்று காலையில் ஆற்றங்கரை கலகலப்பாகவே இருக்கும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். தினமும் குறித்த நேரத்தில் ஒரே ஒரு ஆளுக்குச் செய்தி அனுப்புங்கள். பத்து பேருக்கு அனுப்பினால் பத்து பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். நான் தனியாகத்தான் பெரும்பாலும் போகிறேன். நல்ல துணை கிடைக்காத குறையல்ல, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதற்காக.

முந்தின இரவு மழை. காலையில் வெயில். பாதை சரியாக இருக்குமா?

பாலத்துக்கு அடியில் நுழையும் இடங்களை மட்டும் நம்பாதீர்கள். பாதை ஆற்றை நோக்கித் தாழ்ந்து பாலத்தின் கீழே போகும்; ஆறு ஏறும்போது முதலில் மூழ்குவது அதுதான். தண்ணீர் வடிந்த பிறகும் விரல் கனத்துக்கு மெல்லிய வண்டல் படிந்திருக்கும். மேலே உலர்ந்து வெடித்தது போலத் தெரியும், அடியில் வழவழவென்று ஈரம். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது. பிரேக்கை இறக்கத்துக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள், வண்டலில் திருப்பவும் வேண்டாம், பிரேக் பிடிக்கவும் வேண்டாம். நேராக உருளவிடுங்கள். சந்தேகம் இருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

சாயங்காலம் ஓட்டும்போது கண்ணிலும் வாயிலும் பூச்சி. வழி?

வெள்ளைக் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி, மூடிய வாய். பாட்டை நிறுத்துங்கள்.

மின்சைக்கிளில் போவது ஏமாற்று வேலையா?

யாரை ஏமாற்றுகிறீர்கள்? எதிர்க்காற்று நாளில் அதைவிட நல்ல கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவில் மோட்டாரின் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரோடு நின்றுவிடும், எனவே பறந்துவிடவும் முடியாது. பேட்டரியை வெயிலில் காயவிடாதீர்கள். நடப்பவர்களுக்குப் பின்னால் வரும்போது தூரத்திலேயே ஒருமுறை மணி அடியுங்கள். தூண்டில்காரர்கள் கரையில் நின்றால் இன்னும் கவனம்: தூண்டிலை வீசுவதற்கு முன் கோலைப் பின்னால் கொண்டுபோவார்கள், அது பாதைக்கு மேல்தான் வரும்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். டான்யூப் பாதையில் எந்தத் துண்டை ஓட்டுவது?

எல்லோரும் வாஹாவ் என்பார்கள். என்னைக் கேட்டால் பாஸாவுக்கும் லின்ஸுக்கும் நடுவில் ஷ்லோகன் பக்கம். மலையை உடைக்க முடியாமல் ஆறு அப்படியே கொண்டை ஊசியாகத் திரும்பி, வந்த திசையிலேயே போகும் இடம். ஓட்டும்போது கீழிருந்து இந்த வளைவு புரியாது. காடு, தண்ணீர், மறுபடி காடு என்றுதான் தெரியும். சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே உள்ள காட்சி முனைக்கு அரை மணி, முக்கால் மணி ஏறினால் முழு வளைவும் ஒரே பார்வையில் கிடைக்கும். ஏறுவதற்குச் சைக்கிள் செருப்பு ஆகாது, நடக்கிற செருப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

இடது கரையில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஒரு துண்டில் மலை நேராகத் தண்ணீரில் இறங்குகிறது, பாதை போட இடமில்லை. அதனால் குறுக்கே கடக்காமல் ஆற்றின் நீளவாக்கிலேயே ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் படகு ஒன்று ஓடுகிறது. பருவ காலத்தில் மட்டும்தான், அதுவும் பகலில் மட்டும். கிளம்புமுன் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டால் வலது கரைக்குப் போய்த்தான் தொடர முடியும்.